இரும்புக் கடைக்காரர் ஆஷ்டவுன்



கொஞ்சம் ஆணி வாங்கக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் ஒரு விலை சொல்கிறார். அந்த விலையில் இரும்புக்கு எவ்வளவு, ஆணி அடித்த தொழிலாளிக்கு எவ்வளவு, லாரிக்கு எவ்வளவு, கடைக்காரருக்கு எவ்வளவு என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் அவர் சொல்லப்போவதில்லை. தோட்டத்துக் கடையில் ஒரு விலை, பட்டணத்துக் கடையில் வேறொரு விலை என்பது மட்டும் நமக்குத் தெரியும். இரண்டுக்கும் இடையே உள்ள அந்தச் சில மைல் தூரத்துக்குக் காசு கொடுப்பது யார் என்பதும் தெரியும். நாம்தான்.

சில மைலுக்கே இப்படியென்றால், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் கடையில் என்ன விலை இருக்கும்? இன்று நாம் பார்க்கப்போவது அப்படிப்பட்ட ஒரு கடைக்காரரின் வாழ்க்கையை. கனடா நாட்டின் நடுவே, கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லாத ஒரு பெரும் புல்வெளி இருக்கிறது. அந்தப் புல்வெளியின் வாசலில் இருக்கும் நகரம் வினிபெக். அங்கே சாதாரணத் தகர வேலைக்காரராக வந்து, இரும்புச் சாமான் வணிகத்தில் பெருஞ்செல்வராகி, நகரத்தின் மேயராகவும் இருந்தவர் ஜேம்ஸ் ஹென்றி ஆஷ்டவுன்.

அவர் 1844ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். எட்டு வயதில் பெற்றோருடன் கனடாவுக்குக் கப்பலேறினார். நெடுநாள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஒன்டாரியோ மாநிலத்தில் ஹெஸ்பலர் என்னும் சிற்றூரில் ஒரு தகரப் பட்டறையில் தொழில் பழகினார். தகரத்தை வெட்டி, மடித்து, பற்றவைத்து, வாளி, கெண்டி, பால் சட்டி, அடுப்புப் புகைக்குழாய் ஆகியவற்றைச் செய்யும் வேலை அது.

இந்த இடத்தில் ஒரு சிறு செய்தி. தகரம் என்று நாம் சொல்வது உண்மையில் மெல்லிய இரும்புத் தகடு. துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் வெள்ளீயம் பூசுகிறார்கள். அந்த ஈயம் நம் பேராக்கிலும் சிலாங்கூரிலும் மண்ணை அலம்பி எடுக்கப்பட்ட அதே ஈயம்தான். 1880களில் உலகிலேயே அதிகமாக ஈயம் எடுத்த நாடு மலாயா. ஆகவே, ஈயம் பூசிய வாளி எந்த நாட்டுக் கடையில் தொங்கினாலும் அதில் நம் மண் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

தொழில் பழகிய பின் ஆஷ்டவுன் அமெரிக்காவில் சிக்காகோவிலும் கான்சாஸிலும் சில காலம் வேலை பார்த்தார். பிறகு வடக்கே திரும்பி, 1868ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் சிவப்பாற்றுக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு.

அது எப்படிப்பட்ட ஊர்? சிவப்பாறும் அசினிபாய்ன் ஆறும் கூடும் இடத்தில் ஹட்சன் பே கம்பெனியின் கோட்டை ஒன்று. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு மண் சாலை. சாலையோரத்தில் சில கடைகள். அதுதான் வினிபெக். 1871இல் கணக்கெடுத்தபோதுகூட அங்கே இருந்தவர்கள் 241 பேர்தாம். நம் தோட்டங்களில் ஒரு நடுத்தரமான தோட்டத்தைவிடச் சிறிய ஊர்! ஆற்றோரமாக நெடுகப் பரவியிருந்த குடியிருப்பு முழுவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் மேட்டி மக்கள். ஐரோப்பிய வணிகர்களுக்கும் அந்நாட்டுப் பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்த வழியில் வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கென்று மொழியும் வழக்கமும் நிலமும் இருந்தன.

அங்கே ஓர் அடுப்போ ஒரு கோடாரியோ வேண்டுமென்றால், அமெரிக்காவிலுள்ள செயின்ட் பால் நகரிலிருந்து நானூறு மைலுக்குமேல் கடந்து வரவேண்டும். மேட்டி மக்கள் ஒற்றை மாடு பூட்டிய வண்டிகளில் சரக்கு ஏற்றிவந்தார்கள். அந்த வண்டியில் இரும்பே கிடையாது. அச்சு, சக்கரம், எல்லாம் மரம். அச்சுக்கு மசகும் போடுவதில்லை. போட்டால் புழுதி ஒட்டிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான வண்டிகள் வரிசையாக வரும்போது அந்தக் கிறீச்சொலி வெகுதூரத்துக்குக் கேட்குமாம். ஆற்றில் நீராவிப் படகும் உண்டு. ஆனால் ஆறு நவம்பரில் உறைந்தால் மறுபடி இளகுவது ஏப்ரலில்தான். அதற்குள் வராத சரக்கு வராததுதான். இப்படி இரும்பே இல்லாத வண்டியில் இரும்பு வந்து இறங்கிய ஊரில்தான் ஆஷ்டவுன் கடை வைத்தார். 1869இல் அங்கிருந்த ஒரு தகரப் பட்டறையை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய சில மாதங்களிலேயே சிறைக்குப் போனார். கனடா அரசு அந்தப் பெருநிலத்தை ஹட்சன் பே கம்பெனியிடமிருந்து 300,000 பவுனுக்கு வாங்கியிருந்தது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நில அளவைக்காரர்கள் வந்து சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார்கள். மேட்டி மக்கள் லூயி ரியேல் என்னும் இளைஞரின் தலைமையில் எழுந்து, கோட்டையைப் பிடித்து, தங்களுக்கென ஓர் அரசை அமைத்தார்கள். கனடாவிலிருந்து வந்தவர்களில் ஒரு கூட்டம் இதை எதிர்த்தது. அரசு அனுப்பிய இறைச்சிப் பீப்பாய்களைக் காவல் காப்பதாகச் சொல்லி ஒரு வீட்டில் ஆயுதங்களோடு கூடியது. அந்தக் கூட்டத்தில் ஆஷ்டவுனும் இருந்தார். டிசம்பர் 7ஆம் நாள் ரியேலின் ஆட்கள் அந்த வீட்டைச் சுற்றி வளைக்க, உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். ஆஷ்டவுன் இரண்டு மாதத்துக்கும் மேல் கோட்டையில் அடைபட்டுக் கிடந்தார்.

பழைய வரலாற்று நூல்கள் இதை அவருடைய வீரத்துக்குச் சான்றாக எழுதின. நாம் அப்படி ஒரு பக்கமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆஷ்டவுன் நேர்மையான உழைப்பாளிதான். ஆனால் கேட்காமல் விற்கப்பட்ட நிலத்துக்காக எழுந்தவர்களின் பக்கம் நியாயம் இருந்தது. 1870இல் மனிடோபா என்னும் மாநிலம் உருவானபோது, மேட்டி குழந்தைகளுக்கு 14 லட்சம் ஏக்கர் நிலம் தருவதாகச் சட்டமே எழுதப்பட்டது. அது ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டு, பெரும்பகுதி வேறு கைகளுக்குப் போய்விட்டது. அரசு தன் கடமையைச் சரிவரச் செய்யவில்லை என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது எப்போது தெரியுமா? 2013இல்.

ஆஷ்டவுனின் கடை வளர்ந்தது. வினிபெக்கை முறையான நகரமாக்க வேண்டும் என்று பாடுபட்ட குழுவுக்கு அவரே தலைவர். பெரிய நிலக்காரர்கள் வரி கட்ட நேருமே என்று எதிர்த்தார்கள். கடைசியில் 1873 நவம்பரில் வினிபெக் நகரமாயிற்று. அடுத்த ஆண்டே அவர் நகரசபை உறுப்பினர்.

ஆனால் ஊரின் தலையெழுத்தை மாற்றியது நகரசபையன்று, ரயில். 1878 டிசம்பரில் அமெரிக்கப் பக்கமிருந்து முதல் தண்டவாளம் வந்து சேர்ந்தது. அடுத்து கனடாவின் குறுக்கே கடலுக்குக் கடல் ஓடவிருந்த கனடியன் பசிபிக் ரயில்பாதை. அது முதலில் வினிபெக் வழியாக வருவதாகவே இல்லை. வடக்கே வேறோர் ஊரில் ஆற்றைக் கடப்பதாகத் திட்டம். வினிபெக் வணிகர்கள் விடுவார்களா? 1881இல் நகரம் அந்தக் கம்பெனிக்கு 200,000 டாலர் கொடுத்தது, நிலையத்துக்கு நிலம் கொடுத்தது, ஆற்றுக்குப் பாலம் போட்டது. இவற்றுக்கும் மேலாக, ரயில் கம்பெனி நகரத்துக்கு எந்நாளும் வரி கட்ட வேண்டியதில்லை என்று எழுதியும் கொடுத்தது. அந்தச் சலுகை 1960கள் வரை நீடித்தது. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ரயில் கம்பெனியின் பங்கை ஊரார் கட்டினார்கள் என்று பொருள்.

ரயில் போடுகிறார்கள் என்றால் என்னென்ன வேண்டும்? பிள்ளைகளே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைல் என்பது 5,280 அடி. இரண்டடிக்கு ஒரு சிலீப்பர் கட்டை என்றால் மைலுக்கு 2,640 கட்டை. கட்டைக்கு நான்கு ஆணி என்றால் 10,560 ஆணி. 1882ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அந்தப் புல்வெளியில் நானூறு மைலுக்குமேல் பாதை போட்டார்கள். பெருக்கிக்கொள்ளுங்கள். தண்டவாளம் போன்ற பெருஞ்சரக்குகளைக் கம்பெனியே நேராக வரவழைக்கும். ஆனால் அதைப் போடும் ஒப்பந்தக்காரர்களுக்கு மண்வெட்டி வேண்டும். கடப்பாரை, பிக்காசு, கோடாரி, தள்ளுவண்டி, கயிறு, சங்கிலி, விளக்கு, சமையல் பாத்திரம், கூடாரத்து அடுப்பு வேண்டும். அதற்கெல்லாம் இரும்புக் கடைக்குத்தான் வரவேண்டும். தகர வேலைக்காரர் மொத்த வணிகராக மாறியது இந்தக் காலத்தில்தான்.

ரயில் வருகிறது என்றதும் நிலத்தின் விலை பைத்தியம் பிடித்ததுபோல் ஏறியது. காலையில் வாங்கிய மனையை மாலையில் விற்று லாபம் பார்த்தார்கள். 1882இல் அது சடசடவென்று சரிந்தது. பல வணிகர்கள் கடையைப் பூட்டினார்கள். ஆஷ்டவுன் தப்பி நின்றார்.

1885 நவம்பர் 7ஆம் நாள் அந்தப் பாதையின் கடைசி ஆணி அடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் முதல் நாள்தான் நம் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை மலாயாவின் முதல் ரயில் ஓடியது. அது எட்டு மைல் பாதை. கனடாவினுடையது ஏறத்தாழ மூவாயிரம் மைல். இங்கே பிற்காலப் பாதைகளில் நம் முன்னோர் வெட்டிய மண் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். அங்கே மேற்கு மலைகளில் பாறை உடைத்தவர்கள் சீனத் தொழிலாளர்கள், பதினைந்தாயிரம் பேருக்கும் மேல். வெள்ளையரைவிடக் குறைந்த கூலி. நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். பாதை முடிந்த அதே ஆண்டு, இனி வரும் சீனர்களில் பெரும்பாலோர் 50 டாலர் தலைவரி கட்டவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதற்குக் கனடா அரசு மன்னிப்புக் கேட்டது 2006இல். கடைசி ஆணி அடித்த ஒன்பதாம் நாள், மேற்கில் மறுபடியும் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய ரியேலைத் தூக்கிலிட்டார்கள். அந்த எழுச்சியை அடக்கப் படைகள் போனதும் இந்த ரயிலில்தான்.

இனி வணிகத்துக்கு வருவோம். ஆஷ்டவுன் எப்படிச் செல்வரானார் என்பதைப் புரிந்துகொள்ள, ரயில் கூலி எப்படி இயங்குகிறது என்று தெரியவேண்டும். ஒரு வேகன் நிறையச் சரக்கு அனுப்பினால் இறாத்தலுக்குக் கூலி குறைவு. அதே சரக்கைப் பெட்டி பெட்டியாக அனுப்பினால் கூலி அதிகம். புல்வெளியின் ஒரு மூலையில் இருக்கும் சிறு கடைக்காரரால் ஒரு வேகன் ஆணி வாங்க முடியுமா? முடியாது. பத்துப் பீப்பாய் போதும் அவருக்கு. ஆகவே நடுவில் ஒருவர் வேண்டும். கிழக்கேயுள்ள ஆலைகளிலிருந்து வேகன் வேகனாக வாங்கி, பெரிய கிடங்கில் அடுக்கி, சிறு சிறு பங்காகப் பிரித்து மேற்கே அனுப்ப வேண்டும். அந்த நடுவில் நின்றவர் ஆஷ்டவுன்.

அதிலும் காலம் பார்க்க வேண்டும். கோடையில் பெரிய ஏரிகள் வழியே கப்பலில் வந்தால் கூலி மலிவு. பனிக்காலத்தில் ஏரி உறைந்துவிடும். எனவே ஓராண்டுக்கு வேண்டிய சரக்கைக் கோடையிலேயே வாங்கிக் குவிக்க வேண்டும். அதற்குக் கையில் முதல் வேண்டும், வங்கியில் பெயர் வேண்டும். இரண்டும் உள்ளவர் மேலும் வளர்வார். இல்லாதவர் அவரிடமே வாங்கி விற்க வேண்டியதுதான்.

1886இல் வினிபெக் வணிகர்கள் ரயில் கம்பெனியோடு வாதாடி, அங்கிருந்து மேற்கே அனுப்பும் சரக்குக்கு 15 விழுக்காடு கூலிக் கழிவு பெற்றார்கள். அடுத்த ஆண்டு ஆஷ்டவுன் நகர வணிகர் கழகத்தின் தலைவர். இந்தக் கழிவு வினிபெக்குக்கு மட்டும். இன்னும் மேற்கே இருந்த ஊர்களின் வணிகர்களுக்கு அது கிடையாது. அவர்கள் கத்தினார்கள்; கத்தினால் மட்டும் கூலி குறைந்துவிடுமா? ரயில் கம்பெனியின் கூலி அதிகம் என்று ஓயாமல் குறை சொன்ன வினிபெக் வணிகர்கள், தங்களுக்குக் கிடைத்த தனிச் சலுகையைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

1897இல்தான் பொதுமக்களுக்கும் கொஞ்சம் வழி பிறந்தது. மலைக்கணவாய் ஒன்றின் வழியாகப் புதுப் பாதை போட அரசின் பணம் வேண்டுமென்று கம்பெனி வந்து நின்றது. அரசு, பணம் தருகிறோம், கூலியைக் குறை என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. கிழக்கே போகும் தானியத்துக்கு நூறு இறாத்தலுக்கு மூன்று காசு குறைப்பு. மேற்கே வரும் ஆணி, கம்பி, கயிறு, லாடம், கண்ணாடி, சாயம், உழவுக் கருவி ஆகியவற்றுக்குப் பத்து விழுக்காடு குறைப்பு. அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஓர் இரும்புக் கடையின் சரக்குப் புத்தகம் போலவே இருக்கும்! யாருடைய குரல் அரசின் காதில் விழுந்தது என்பது அதிலிருந்தே தெரிகிறதல்லவா?

அந்நாளில் குடியேறி வந்த ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பத்து டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் நிலம் தருவோம், மூன்றாண்டு தங்கிப் பயிர் செய்தால் உங்களுக்கே சொந்தம் என்று அரசு அழைத்தது. உக்ரேனியர், ஐஸ்லாந்தியர், ஆங்கிலேயர் என்று பல நாட்டார் வந்தார்கள். நிலம் மலிவுதான். ஆனால் பனிக்காலக் குளிர் நீர் உறையும் நிலைக்குக் கீழே நாற்பது பாகை வரை இறங்கும். இரும்பு அடுப்பு இல்லாமல் ஓர் இரவைக் கழிக்க முடியாது. அடுப்புக்குப் புகைக்குழாய், மரம் வெட்டக் கோடாரி, கிணற்றுக்கு வாளி, கலப்பைக்குக் கொழு, வேலிக்கு முள்கம்பி. எல்லாம் கடன். விளைச்சலோ ஆண்டுக்கு ஒன்று. ஆகஸ்டு மாதத்திலேயே உறைபனி விழுந்தால் கோதுமை கருகிப்போகும். அப்போது விவசாயி ஊர்க் கடைக்காரருக்குக் கடன், ஊர்க் கடைக்காரர் மொத்த வணிகருக்குக் கடன், மொத்த வணிகர் வங்கிக்குக் கடன். சங்கிலியின் கீழ்க்கண்ணி அறுந்தால் மேலே எல்லாம் ஆடும். பற்றுக் கணக்கில் வாழ்ந்து பழகிய நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வினிபெக் 1901இல் 42,340 பேர் வாழும் நகரம். பத்தே ஆண்டில் 136,035 பேர். ஆஷ்டவுனின் கிடங்கும் 1895இல் கட்டப்பட்டபின் பலமுறை பெருக்கப்பட்டது. கால்கரி, எட்மன்டன், சாஸ்கட்டூன் ஆகிய ஊர்களிலும் அவர் பெயர்ப்பலகை தொங்கியது.

1904 அக்டோபரில் வினிபெக்கின் பெருஞ்சாலையில் தீப்பிடித்து, அவருடைய பெரிய கடையும் எரிந்து சாம்பலானது. தீயணைக்க நகரத்துக் கிணற்று நீர் போதவில்லை. அசினிபாய்ன் ஆற்று நீரை அப்படியே குழாய்களுக்குள் செலுத்தினார்கள். ஆற்றில் சாக்கடையும் கலந்திருந்தது. அதே குழாயில்தான் வீடுகளுக்குக் குடிநீரும் வந்தது. அதன்பின் ஊரில் குடற்காய்ச்சல் பெருகியது. 1904, 1905 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குமேல் படுத்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று நாங்கள் தாய்மாரிடம் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். மிகுதியாக அடிபட்டவர்கள் ரயில்பாதைக்கு வடக்கே வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள். அங்கே பல வீடுகளுக்குக் குழாயே கிடையாது, வெளிக்கழிப்பிடம்தான். ஆஷ்டவுன் தம் கடையைத் திரும்பக் கட்டிக்கொண்டார். தீயணைப்புக்கென்று தனிக் குழாயும் பெரிய நீரேற்று நிலையமும் 1906க்குள் எழுந்தன. நல்ல குடிநீருக்கோ மேலும் பதின்மூன்று ஆண்டு ஆயிற்று. வணிகர்களின் கிடங்கைக் காக்கும் தண்ணீர் முதலில் வந்தது. குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் பிறகு வந்தது. 1919இல் தொலைவிலுள்ள ஷோல் ஏரியிலிருந்து கால்வாய் வழியே அந்த நல்ல நீர் நகரத்துக்கு வந்தது. அந்த ஏரிக்கரையில் வாழும் பூர்வகுடிச் சமூகம் ஒன்று, 1997 முதல் 2021 வரை தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டியிருந்தது.

1907, 1908 ஆகிய ஈராண்டும் ஆஷ்டவுன் மேயர். நகரம் கடனில் தத்தளித்த நேரம் அது. கடை நடத்துவதுபோல் நகரத்தையும் நடத்துவேன் என்ற முறையில் செலவைச் சுருக்கினார். அதில் நன்மையும் இருந்தது. ஆனால் நகரமே மின்சாரம் உற்பத்தி செய்யவேண்டும் என்று மக்கள் 1906இல் வாக்களித்திருந்த திட்டம் அவர் காலத்தில் தள்ளிப்போயிற்று. 1911இல்தான் அந்த மின்சாரம் வீடுகளுக்கு வந்தது. தம் கடைக்குக் கோடையிலேயே ஓராண்டுச் சரக்கைக் கடன் வாங்கிக் குவித்தவர், நகரத்துக்குக் கடன் வாங்கத் தயங்கினார் என்பது நமக்குக் கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கிறது.

1919 மே மாதம் வினிபெக் தொழிலாளர்கள் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரும்புப் பட்டறைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தோடு பேசுங்கள் என்று கேட்க, முதலாளிகள் மறுத்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். ஆறு வாரம் நடந்தது. ஜூன் 21ஆம் நாள் குதிரைப் போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். ஆஷ்டவுன் தகர வேலை பழகிய நாளில் பட்டறையில் முதலாளியும் வேலையாளும் ஒரே மேசையருகே நின்றார்கள். இப்போது அவர்களுக்கிடையே குதிரைகள் நின்றன.

ஆஷ்டவுன் 1924 ஏப்ரல் 5ஆம் நாள், எண்பது வயது நிறைந்த சில நாட்களில் காலமானார். பள்ளிப் படிப்பு போதாத அவர் வெஸ்லி கல்லூரி என்னும் கல்விச்சாலையின் ஆட்சிக்குழுவில் பல ஆண்டு பாடுபட்டார். பிற்காலத்தில் அது வினிபெக் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கே ஒரு கட்டடத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அவருடைய கிடங்கு இருக்கும் பழைய வணிகப் பகுதியை 1997இல் கனடா அரசு வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அந்தக் கிடங்கைக் குடியிருப்பு வீடுகளாக மாற்றிவிட்டார்கள். நூறு இறாத்தல் ஆணிப் பீப்பாய்களை வரிசையாக அடுக்கிவைத்த தளங்களில் இப்போது குடும்பங்கள் வாழ்கின்றன. இரும்பின் பாரத்துக்கென்று அந்நாளில் போட்ட கனத்த மர உத்திரங்கள்தாம் அந்த வீடுகளையும் தாங்குகின்றன.